அமுதவல்லியின் வலக்கை

இரண்டு கைகளாலும் பால் கறப்பவள் அமுதவல்லி. குண்டானில் மாறி மாறி இரண்டு தாரைகள் விழும் சத்தம் அவள் காதுக்கு அவ்வளவு பழக்கம். அன்று காலை அதில் ஒன்று நின்றுவிட்டது. மாடு பாலை அடக்கிக்கொண்டது என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். இடது கை கறந்துகொண்டுதான் இருந்தது. வலது கை காம்பை விட்டு நழுவி, மாட்டின் காலடியில் சாணத்தின் மேல் கிடந்தது. அது அங்கே கிடப்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. எடுக்கப் பார்த்தாள். எடுக்க வேண்டும் என்ற நினைப்பு தோளோடு நின்றுபோயிற்று.

கூப்பிட்ட குரலும் குழறியது. பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்த ஓரகத்தி மாதம்மாள், "வெறும் வயித்துல குனிஞ்சு உக்காந்தா கிறுகிறுன்னுதான் வரும்க்கா" என்று சொல்லி, அவளைத் தாங்கிக்கொண்டு போய்க் கட்டிலில் படுக்கவைத்துக் காப்பி கொடுத்தாள். காப்பி வாயின் வலது ஓரத்தில் வழிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மாதம்மாளுக்குப் பயம் பிடித்தது. பெங்களூரில் கட்டட வேலையில் இருந்த அமுதவல்லியின் கணவன் பெரியண்ணனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி மறுபடி போட்டாள். சாரத்திலிருந்து இறங்கி வந்து எடுத்தவன், "மொதல்ல ஆம்புலன்சுக்குப் போடு! எனக்கு எதுக்குப் போடுற?" என்று கத்தினான்.

தருமபுரியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, பக்கவாதம் என்றார்கள். அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி இருக்கிறது, ஆனால் ஆரம்பித்த சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அந்த நேரம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொன்னார். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டார். தலைவலி நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிட்டதை அமுதவல்லி குழறலோடு சொன்னாள்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்தெட்டு. காரிமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது ஊர். கொஞ்சம் மானாவாரி நிலம், இரண்டு கறவை மாடுகள். பெரியண்ணன் கொத்தனார். கல்யாணமான புதிதிலேயே பெங்களூருக்கு வேலைக்குப் போனவன், மாதத்தில் இரண்டு முறை சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியலில் பஸ் ஏறிவிடுவான். ராகி விதைப்பது, களை எடுக்க ஆள் கூப்பிடுவது, மகள் பிரியதர்ஷினியைக் காலேஜ் வரை படிக்கவைத்தது, பால் கேனை டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போவது எல்லாமே அமுதவல்லிதான். வாயும் கையும் அவளுக்கு ஒரே வேகம். சொசைட்டியில் யாராவது வரிசையில் புகுந்தால், அவள் ஒரு வார்த்தை சொன்னதும் தாமாகவே பின்னால் போய் நின்றுகொள்வார்கள்.

மருத்துவமனையில் இருந்தபோதே பேச்சு தெளிந்துவிட்டது. காலும் திரும்பியது, லேசாக இழுத்து இழுத்து நடந்தாள். கை மட்டும் வரவில்லை. மேலே வைத்தால் வைத்த இடத்தில் இருந்தது. விட்டால் தொங்கியது.

பெரியண்ணன் தன் சாமான் பையோடு ஊருக்கு வந்துவிட்டான். "இனிமே நான் எங்கயும் போகல" என்றான். சொன்னபடியே செய்தான். காலையில் அவளுக்குப் பல் விளக்கிவிட்டான், தலை வாரிவிட்டான், கொசுவத்தை அவனே மடித்துச் சொருகிவிட்டான். சாப்பாடு ஊட்டினான். இடது கையால் சாப்பிட அமுதவல்லி ஒப்புக்கொள்ளவே இல்லை. "அந்தக் கையால எதக் கழுவுறோமோ, அதாலயே சோறு திங்கச் சொல்றீங்களா?" என்று தட்டைத் தள்ளினாள். அதனால் மூன்று வேளையும் பெரியண்ணன் எதிரில் உட்கார்ந்து ஊட்டினான். ஊட்டுவது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

மருத்துவமனையில் கைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லோரும், வாதத்துக்கு எண்ணெய் வைத்தியம்தான் கேட்கும் என்றார்கள். யாரோ சொன்ன ஓர் இடத்துக்கு வாடகைக் காரில் போனார்கள். அங்கே புறாவை அறுத்து ரத்தத்தைச் சூடாகக் கையில் தேய்த்தார்கள். எண்ணெய் போட்டுத் தோளிலிருந்து விரல் வரை இழுத்து உருவினார்கள். வலியில் அமுதவல்லி அலறியபோது, "வலி வந்துருச்சுன்னா உயிர் வந்துருச்சுன்னு அர்த்தம்" என்றார் வைத்தியர். சில வாரம் இப்படிப் போனது. கையில் உயிர் வரவில்லை, தோளில் வலி மட்டும் தங்கிவிட்டது. படுத்தால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை.

தேவிப்பிரியா வந்தது அந்தச் சமயத்தில்தான். வீடு வீடாக வந்து பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்கும் அரசாங்க வண்டியில் நர்சோடு பிசியோதெரபிஸ்ட் ஒருத்தியும் வாரம் ஒரு நாள் வருவாள். பாப்பிரெட்டிப்பட்டிப் பெண். படித்து முடித்துச் சில வருடம் ஆகியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, பெரியண்ணன் மனைவியின் வலது கையைப் பிடித்து இழுத்து எழுப்புவதைப் பார்த்துவிட்டாள்.

"ஐயா, கைய விடுங்க, விடுங்க" என்று பதறி உள்ளே வந்தாள்.

பெரியண்ணன் விட்டுவிட்டான். "பின்ன எப்படிங்க மேடம் எழுப்பறது?"

"முதுகுல கை கொடுத்து எழுப்புங்க. இந்தக் கையப் பிடிச்சு இழுக்கவே கூடாது. தோள்ல எலும்பைத் தாங்கிப் பிடிக்கிற சதையெல்லாம் தளர்ந்து கிடக்குது. இழுக்க இழுக்க எலும்பு கீழ இறங்கிருச்சு. இங்க தொட்டுப் பாருங்க."

அவன் தொட்டுப் பார்த்தான். தோள் முனைக்குக் கீழே ஒரு விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் இருந்தது. அவன் முகம் சுருங்கிப்போயிற்று. தினமும் எத்தனை தடவை அந்தக் கையைப் பிடித்து எழுப்பினோம் என்று நினைத்திருப்பான்.

தேவிப்பிரியா ஒரு தலையணையை வாங்கி அமுதவல்லியின் மடியில் வைத்து, முழங்கையிலிருந்து விரல் வரை அதன்மேல் படும்படி கையைக் கிடத்தினாள். உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் இப்படித்தான், தொங்க விடக்கூடாது என்றாள். பிறகு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"கையில ஒண்ணும் கெட்டுப் போகலம்மா. கைக்கு உத்தரவு போடுற இடம் மூளையில இருக்குது. அங்கதான் அடி. அந்த இடம் போனது போனதுதான். பக்கத்துல நல்லா இருக்கற இடத்துக்கு அந்த வேலையக் கத்துக் கொடுக்கணும். திரும்பத் திரும்பச் செஞ்சாத்தான் அது கத்துக்கும்."

"எப்ப வரும்?" என்றாள் அமுதவல்லி.

"தெரியாதுங்கம்மா. முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். இப்ப இருக்கறதவிட நல்லா ஆகும். அதுவும் நீங்க பழகுனாத்தான்."

வந்தவர்கள் எல்லோரும் ஒரு மண்டலத்தில் சரியாகும், தை பிறந்தால் சரியாகும் என்று சொல்லிப்போன வீட்டில், தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவள். அமுதவல்லிக்கு அது பிடித்துப்போயிற்று.

"கை வந்தா மொதல்ல என்ன செய்யணும்னு ஆசை?" என்று தேவிப்பிரியா கேட்டாள்.

அமுதவல்லி யோசிக்கவே இல்லை. "களி கிள்ளித் திங்கணும். என் கையால."

முதலில் கண்ணாடிதான் வந்தது. பெரியண்ணன் சவரம் செய்யும் கண்ணாடி போதவில்லை. பீரோவில் பதித்திருந்ததைக் கழற்றி, பலகை வைத்து நிற்கும்படி ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தான். அதை மேசையில் குறுக்கே நிறுத்தி, வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்து வைத்தாள் தேவிப்பிரியா. இடது கை கண்ணாடிக்கு முன்னால். இடது கையை விரித்து மூடினால், கண்ணாடியில் வலது கை விரிந்து மூடுவது போலத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே, மறைவிலிருக்கும் கையையும் அதே மாதிரி அசைக்க முயல வேண்டும்.

"என்னை ஏமாத்தறீங்களா?" என்றாள் அமுதவல்லி.

"உங்கள இல்லம்மா. உங்க மூளைய."

சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள். கண்ணாடிக்குள் தன் வலது கை விரல் விரிவதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அதையே பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்க இடது கையை எடுத்தால் கண்ணாடியில் இருக்கும் கை போய்விடும் என்று துடைக்காமலே இருந்தாள்.

காலையிலும் மாலையிலும் அது நடந்தது. ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த மாதம்மாளை அவள் போட்ட சத்தம் தூக்கிவாரிப் போட்டது. "மாதம்மா! இங்க வா! கண்ணாடிக்குப் பின்னால நின்னு பாரு. நான் கண்ணாடியில பாத்துக்கிட்டே கட்டை வெரல ஆட்டறேன். நெசமாவே ஆடுதா, இல்ல கண்ணாடியில மட்டும் ஆடுதா, பாத்துச் சொல்லு."

மாதம்மாள் ஈரக் கையோடு வந்து பின்னால் குனிந்து நின்றாள். கண்ணை இடுக்கிக்கொண்டு விரலையே பார்த்தாள்.

"என்னடி?"

"ஆடுதுக்கா" என்றாள் மாதம்மாள். "தூங்கற கொழந்த வெரல் மாதிரி லேசா ஆடுது."

அதற்குப் பிறகு நல்ல செய்திகளும் கெட்ட செய்திகளும் கலந்து வந்தன. தளர்ந்து கிடந்த கை மெல்ல இறுகத் தொடங்கியது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது, விரல்கள் உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டன. கை வலுவாகிவிட்டது என்று நினைத்துப் பெரியண்ணன் காரிமங்கலம் சந்தையில் ஒரு மஞ்சள் பஞ்சுப் பந்து வாங்கிவந்து, அமுக்கச் சொல்லிக் கொடுத்தான். தேவிப்பிரியா வந்ததும் அதை வாங்கி அவனிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மூடறதுக்கு இந்தக் கைக்கு யாரும் சொல்லித் தர வேண்டாங்கய்யா. அது தானா மூடிக்குது. தொறக்கறதுதான் வரணும். பந்தை அமுக்கினா மூடறது இன்னும் கெட்டிப்பட்டுப் போகும்."

கட்டிலில் உட்காரவைத்து, மூடிய விரல்களைப் பொறுமையாகப் பிரித்து, உள்ளங்கையை மெத்தையில் பதித்து, அதன்மேல் உடம்பின் கனத்தைச் சாய்க்கச் சொன்னாள். அப்படிக் கொஞ்ச நேரம் ஊன்றியிருந்தால் இறுக்கம் தளர்ந்தது. வாரத்தில் சில நாள் பஸ் ஏறித் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். அங்கே முன்கையில் இரண்டு பட்டைகளை ஒட்டி லேசாகக் கரண்ட் வைத்தார்கள். சுருக்கென்று இழுக்கும், மணிக்கட்டு தானாக மேலே எழும்பும். அது எழும்பும்போது நீங்களும் சேர்ந்து தூக்குங்கள் என்பார்கள். சில வாரம் மெஷின்தான் தூக்கியது. பிறகு ஒரு நாள், பட்டையைக் கழற்றிய பின்னும் மணிக்கட்டு கொஞ்சம் எழுந்தது. கூடவே விரல்களும் கட்டு அவிழ்ந்த நெல் மூட்டையின் வாயைப் போல லேசாகத் திறந்தன.

இதற்காகத்தான் தேவிப்பிரியா காத்திருந்தாள். அடுத்த முறை வந்தபோது, "பழைய சாக்ஸ் இருக்குதா?" என்று கேட்டாள். பிரியதர்ஷினி பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போன வெள்ளை சாக்ஸ் ஒன்று அலமாரியில் இருந்தது. அதை அமுதவல்லியின் இடது கையில் மாட்டி, மணிக்கட்டில் ஒரு நாடாவால் கட்டச் சொன்னாள்.

பெரியண்ணன் எழுந்து நின்றுவிட்டான். "ஒரு கை போயிக் கெடக்குது. இருக்கற இன்னொரு கையையும் கட்டச் சொல்றீங்களே, இது என்னங்க வைத்தியம்?"

"நாள் பூராவும் இல்லீங்க. நடக்கும்போது வேண்டாம், அடுப்புகிட்ட வேண்டாம், பாத்ரூம் போகும்போது வேண்டாம். உக்காந்து பழகற நேரத்துக்கு மட்டும். அப்பத்தான் வலது கை வேலைக்கு வரும்."

"அது வராம இருந்தா?"

"இப்ப அதுக்கு வர வேண்டிய அவசியமே இல்லீங்கய்யா. பாதி வேலைய இடது கை எடுத்துக்குது. மீதிய நீங்க எடுத்துக்கறீங்க."

அவன் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டான்.

அன்று மத்தியானம் சாக்ஸ் மாட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு அமுதவல்லி தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். ராகிக் களி, கொள்ளுச் சாறு. வலது கையைத் தட்டு வரை கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்தது. போனதும் களியின்மேல் பொத்தென்று விழுந்தது. விரல் மூடி ஒரு பிடி களியைப் பிடித்துக்கொண்டது. வாய்க்குப் போகும் வழியில் கை கன்னத்தில் இடித்தது. வாய்க்கு வந்து சேர்ந்தபோது விரல் திறக்கவில்லை. தலையை அப்படியும் இப்படியும் திருப்பி விரல் இடுக்கிலிருந்து களியைக் கடித்து எடுத்தாள். சாறு மோவாயில் வழிந்து ரவிக்கையெல்லாம் நனைந்தது. பெரியண்ணனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. தட்டை இழுத்துக் களியைக் கிள்ளிச் சாற்றில் தோய்த்து அவள் வாயருகே நீட்டினான். பசி அவளுக்கு. வாயைத் திறந்தாள்.

மறுநாளும் அப்படியே நடந்தது. அதன் பிறகு துவைத்துப் போட்ட சாக்ஸ் கொடியிலேயே கிடந்தது. அடுத்த வாரம் தேவிப்பிரியா வந்து, கொடியில் கிடந்த சாக்ஸை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வெள்ளை வெளேர்னு இருக்குதே. அழுக்கே ஆகலியாம்மா?"

 அமுதவல்லி, "அவரு ஊட்ட வரும்போது வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க" என்றாள்.

பெரியண்ணன் வாசலைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இத்தன வருசம் வூட்டுல எல்லாத்தையும் இவதாங்க பாத்தா. காய்ச்சல்னு படுத்தாக்கூட நான் பக்கத்துல இருந்ததில்ல. இப்பத்தான் ஏதோ செய்யறேன். அதையும் செய்யாதீங்கன்னா நான் எதுக்குங்க இங்க இருக்கறது?"

 தேவிப்பிரியா கையிலிருந்த சாக்ஸை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். வண்டியிலிருந்து நர்ஸ் கூப்பிட்டார். "இதோ வர்றேன்க்கா" என்று சொல்லிவிட்டு, அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க கொத்துக் கரண்டி பிடிக்கக் கத்துக்கிட்டப்ப, மேஸ்திரி உங்களுக்காகச் செவுரு பூசிக் கொடுத்தாரா?"

"அவரு எங்க பூசுனாரு. நான் பூசுனதச் சுரண்டிப் போட்டுட்டு மறுபடியும் பூசச் சொல்லுவாரு."

சொல்லிவிட்டு அவனே நிறுத்திக்கொண்டான்.

"எனக்கு வாரத்துல ஒரு நாள்தாங்க இந்த ஊரு. மத்த நாளுக்கு இங்க ஒரு ஆள் வேணும்" என்றாள் தேவிப்பிரியா. "களியக் கெட்டியாக் கிண்டுங்க, அப்பத்தான் கிள்ள வரும். ஆறினப்புறம் வையுங்க. தட்டு நகராம அடியில ஈரத்துணி போடுங்க. எதிர்ல உக்காருங்க. ஆனா கை மட்டும் உங்க தொடைக்கு அடியில இருக்கட்டும்."

அவன் அப்படியே உட்கார்ந்தான். ஆரம்பத்தில் அவனுக்குத்தான் அதிக கஷ்டம். அவள் கை தட்டை விட்டு எழும்பும்போதெல்லாம் அவன் வாய் தானாகத் திறந்து மூடும். "நீங்க எதுக்கு வாயத் தொறக்கறீங்க, எனக்குச் சிரிப்பு வருது, களி கீழ விழுது" என்று அவள் திட்டுவாள். சாப்பாடு முடிய வெகு நேரம் ஆகும். பாதி களி மடியில் கிடக்கும். சாக்ஸ் பழுப்பாகி, பிறகு சாற்றின் நிறத்துக்கே மாறிவிட்டது.

வேலை என்று ஒன்று கையில் கிடைத்ததும் பெரியண்ணன் மாறிப்போனான். ஒரு பலகையில் கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர்க் குழாயின் திருகு, பெரிய போல்ட்டும் நட்டும், ஸ்விட்ச் எல்லாவற்றையும் பதித்து அவள் முன்னால் வைத்தான். தாழ்ப்பாளைத் தள்ளுவது, திருகைத் திருப்புவது என்று ஒவ்வொன்றாக அவள் பழகினாள். சுலபமாக வந்ததும் அவன் திருகைக் கொஞ்சம் முடுக்கிவைப்பான். "நேத்து இவ்ளோ டைட்டா இல்லியே" என்று அவள் முறைப்பாள். அவன் வேறு எங்கோ பார்ப்பான்.

மாடு கறக்கவும் அவன் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதுவரை மாதம்மாள்தான் இரண்டு வீட்டு மாடுகளையும் கறந்துகொண்டிருந்தாள். அமுதவல்லி கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "செங்கல்லப் பிடிக்கற மாதிரி பிடிக்காதீங்க, அதுக்கு வலிக்கும்" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பாள். இளைய மாடு அவனை உதைத்துக் குண்டானைக் கவிழ்த்தது. அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். வீட்டில் அந்தச் சிரிப்பு கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது.

அதைக் கேள்விப்பட்ட தேவிப்பிரியா, அடுத்த முறை ஒரு ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, விரல் நுனிகளில் ஊசியால் துளையிட்டு, கொட்டகைக் கழியில் கட்டித் தொங்கவிட்டாள். "கறங்கம்மா. பிடிக்கறது முக்கியமில்ல, ஒவ்வொரு தடவையும் முழுசா விடணும்."

அமுதவல்லி கையுறையை மேலும் கீழும் பார்த்தாள். "நாலு காம்பு மாட்டையே கறக்க முடியலீன்னு உக்காந்திருக்கேன். நீங்க அஞ்சு காம்பு மாட்டைக் கொண்டாந்து கட்டறீங்க."

தேவிப்பிரியா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

எல்லா நாளும் இப்படி இல்லை. மார்கழிக் குளிரில் கை மறுபடி மரக்கட்டையாக இறுகியது. முந்தின வாரம் வந்த அசைவு அந்த வாரம் வரவில்லை. ஒரு நாள் கோபத்தில் பலகையை இடது கையால் தூக்கி வாசலில் எறிந்தாள்.  மறுநாள் காலை பெரியண்ணன் உடைந்த ஸ்விட்சை மட்டும் மாற்றி அதே இடத்தில் வைத்திருந்தான்.

தை பிறந்ததும் பிரியதர்ஷினிக்கு வரன் கூடிவந்தது. ஓசூரில் ஒரு கம்பெனியில் அவளோடு வேலை பார்க்கும் பையன். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். காரிமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் நிச்சயதார்த்தம் என்று முடிவானது. போனில் அமுதவல்லி மகளிடம், "தட்டு மாத்தறத மாதம்மா சித்தியச் செய்யச் சொல்லிக்கலாம் பாப்பா. நான் கீழ உக்காந்து பாத்துக்கறேன்" என்றாள்.

 "உன் இஷ்டம்மா" என்று சொல்லி பிரியதர்ஷினி போனை வைத்துவிட்டாள். சண்டை போட்டிருந்தால் அமுதவல்லி பதிலுக்குச் சண்டை போட்டு முடித்திருப்பாள். அந்த "உன் இஷ்டம்" அவளை விடவில்லை.

அடுத்த முறை தேவிப்பிரியா வந்ததும், உட்காரும் முன்பே கேட்டாள். "ரெண்டு கையும் சேந்து ஒரு தட்டைப் பிடிச்சு எதிர்ல நிக்கறவங்க கையில கொடுக்கணும். அதுக்கு என்ன பண்ணணும்?"

தேவிப்பிரியா முதலில் அவளையே தட்டைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தாள். வலது கை தட்டின் அடியில் போனது, ஆனால் கட்டை விரல் விளிம்புக்கு மேலே வரவில்லை. முழங்கை வெளியே விரிந்தது, தட்டு சாய்ந்தது. "முழங்கைய விலாவோட ஒட்டிக்குங்க. மொதல்ல கட்டை விரல். அது மேல ஏறினப்புறம்தான் தூக்கணும். அவசரமே வேண்டாம்." இந்த முறை சாக்ஸ் கிடையாது. இரண்டு கையும் சேர்ந்து செய்கிற வேலை என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் பழக வேண்டும் என்றாள். காலித் தட்டில் ஆரம்பித்து, ஒரு கைப்பிடி ராகி, பிறகு எலுமிச்சம்பழம், பிறகு தேங்காய் என்று கனம் கூடியது. எதிரில் வாங்கிக்கொள்ளும் சம்பந்தி வேடம் மாதம்மாளுக்கு. தேங்காய் இரண்டு தடவை மாதம்மாளின் கால் விரலில் விழுந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடியே சம்பந்திய நொண்டியாக்கிருவ போலிருக்குதே" என்று அவள் துள்ளினாள்.

நிச்சயதார்த்தத்தன்று மண்டபத்தில் கூட்டம். அமுதவல்லி அரக்குப் பட்டு கட்டியிருந்தாள். மேடைக்கு ஏறும்போது பெரியண்ணன் பக்கத்திலேயே வந்தான். தாம்பூலத் தட்டு ஒத்திகை பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. புடவை, பழம், தேங்காய், வெற்றிலை எல்லாம் சேர்ந்த கனம். எதிரில் பையனின் அம்மா கை நீட்டி நின்றார். அமுதவல்லி முழங்கையை விலாவோடு ஒட்டினாள். கட்டை விரல் வரவில்லை. கூட்டத்தைப் பார்த்ததில் கை இறுகிவிட்டது. அவள் நிமிர்ந்து, பையனின் அம்மாவிடம், "கொஞ்சம் இருங்க, வந்துரும்" என்றாள். அந்த அம்மா தலையசைத்தார். மேடையிலிருந்த எல்லோரும் ஒரு கட்டை விரலுக்காகக் காத்திருந்தார்கள். அது மெதுவாக விரிந்து, விளிம்பைத் தாண்டி மேலே வந்தது.

தட்டைத் தூக்கினாள். பாதி வழியில் அது வலது பக்கம் சாய்ந்தது. பெரியண்ணனின் இரண்டு கைகளும் சட்டென்று நீண்டன. நீண்ட வேகத்திலேயே அவற்றை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். ஓர் எலுமிச்சம்பழம் உருண்டு மேடையில் விழுந்தது. மற்றதெல்லாம் தட்டிலேயே இருந்தது. பையனின் அம்மா தட்டை வாங்கிக்கொண்டார். வாங்கியவர், "நல்லாக் கொடுத்தீங்க சம்பந்தி" என்றார். பிரியதர்ஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே குனிந்து எலுமிச்சம்பழத்தைத் தேடினாள்.

பந்தியில் அமுதவல்லி வலது கையால் சாப்பிட்டாள். நோயில் விழுந்த பிறகு ஊரில் எந்த விசேஷத்திலும் அவள் இலையில் உட்கார்ந்ததில்லை. சாதத்தைப் பிசைவது இன்னும் சரியாக வராது. பரிமாறுபவர் சாம்பாரைக் கொஞ்சமாக ஊற்றினால் சமாளித்துக்கொள்வாள். அவள் பாதி சாப்பிடுவதற்குள் வரிசையில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இலைகளைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சாப்பிட்டு முடித்திருந்த பெரியண்ணன் தன் இலையை மடிக்காமல், காய்ந்த கையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். பாயசம் வந்தபோது, "எனக்கும் இன்னொரு கரண்டி ஊத்துங்க" என்றான்.

அந்த வைகாசியில் கல்யாணமும் முடிந்தது. இப்போது பெரியண்ணன் பெங்களூர் போவதில்லை. காரிமங்கலத்தைச் சுற்றி வரும் வேலைகளை எடுத்துச் செய்கிறான். சாந்தமான மூத்த மாட்டை அமுதவல்லி இரண்டு கையாலும் கறக்கிறாள். பாதியில் வலது கை களைத்துவிட்டால் நிறுத்தி, விரலை விரித்து உதறிக்கொண்டு மறுபடி தொடங்குகிறாள். உதைக்கும் இளைய மாடு பெரியண்ணனுக்கு. பிரஷர் மாத்திரையைத் தினமும் காலைக் காப்பிக்கு முன்னால் போட்டுக்கொள்கிறாள். மாதம்மாளையும் பிரஷர் பார்க்க வண்டிக்கு இழுத்துக்கொண்டு போகிறாள். டி.வி.எஸ். வண்டியை இன்னும் தொடவில்லை. அது வேண்டாம் என்று தேவிப்பிரியா சொல்லியிருக்கிறாள். ஊக்குப் போடுவது வராது. தரையில் கிடக்கும் ஊசியை எடுக்க வராது.

போன வாரம் தேவிப்பிரியா வந்தபோது அமுதவல்லி வாசலில் உட்கார்ந்து, குளித்த தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். "இங்க பாருங்க" என்று சொல்லி, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கொண்டுபோனாள். வலது கை காதைத் தாண்டியது. முடியைப் பிடித்தது. ஒரு சுற்றுச் சுற்றும்போது முழங்கை நடுங்கிக் கீழே இறங்கியது. கூந்தல் அவிழ்ந்து முதுகில் விழுந்தது.

"தோள் வலிக்குதாம்மா?"

"வலியெல்லாம் இல்ல" என்றாள் அமுதவல்லி. முடியை ஒதுக்கிவிட்டு, கைகளை மறுபடி மேலே கொண்டுபோனாள். "கொண்டை போடணும். அதுக்கு எப்படிப் பழகறதுன்னு சொல்லிட்டுப் போங்க."